குல்லாவும் குடையும் குடில் புல்லும்

டிசம்பர் பிறந்துவிட்டால் மதுரைப் பள்ளிக்கூடங்களில் காலை வழிபாட்டு நேரம் கொஞ்சம் நீண்டுவிடும். அதிலும் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி என்றால் கேட்கவே வேண்டாம். ஜெபம், தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், தலைப்புச் செய்தி எல்லாம் முடிந்த பிறகு தலைமையாசிரியர் சிஸ்டர் மைக்கைக் கையில் எடுப்பார்.

“பிள்ளைகளா, மழைக்காலம். குடை இல்லாம வராதீங்க. வாளி, தொட்டியில தண்ணி தேங்க விடாதீங்க. நனைஞ்ச யூனிஃபார்மோட வகுப்புல உக்காரக் கூடாது. சளி, காய்ச்சல்னா வீட்டுலயே இருங்க, லீவு லெட்டர் அப்புறம் குடுத்தாப் போதும். வகுப்பு ஜன்னலச் சாத்தாதீங்க. பைக்குல வர்ற பிள்ளைக குல்லா போட்டுக்கங்க. கிறிஸ்துமஸ் குடில் போடற வகுப்பு, புல்லுக்கு விதை போட்டாச்சா?”

“போட்டாச்சுங்க சிஸ்டர்!”

இதையெல்லாம் ஒவ்வொரு வருடமும் கேட்கிறீர்கள். ‘ஏன் சிஸ்டர்?’ என்று யாராவது கேட்டதுண்டா? கேட்டால் வழிபாடு இன்னும் நீளுமே என்ற பயம் இருக்கலாம், நியாயம்தான். அதனால் அந்த ‘ஏன்’களை இங்கே வைத்துப் பேசிவிடுவோம். அவர் சொன்ன வரிசைப்படிதான் போக வேண்டும் என்றில்லை.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மதுரைக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டா? கனடாவில் ஒரு பள்ளிக்கூடம் குளிர்காலத்தில் வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் தடித்த கோட்டு, கையுறை, காது மூடும் தொப்பி என்றெல்லாம் இருக்கும். அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். மதுரையிலோ ஜனவரி விடியற்காலையில்கூட சராசரியாக 20, 21 டிகிரி செல்சியஸ்தான். கனடாப் பிள்ளை ஒன்று வந்தால் இந்த 21 டிகிரியில் அரைக்கைச் சட்டையோடு ஓடி விளையாடும். நம் பிள்ளையோ ஸ்வெட்டர், குல்லா சகிதம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

இதில் யாரையும் கேலி செய்ய வேண்டாம். உடம்பு தான் இருக்கும் ஊரின் வெப்பத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். மே மாதத்தில் 40 டிகிரி வெயிலைத் தாங்குகிற உடம்பு, வெப்பத்தை வெளியே தள்ளுவதில் கெட்டிக்காரத்தனம் காட்டும். அதே உடம்பை 21 டிகிரியில் நிறுத்தினால் குளிரத்தான் செய்யும்.

குளிர்காலம் உண்டா என்பதற்கு மனிதர்களைவிட நல்ல சாட்சி மல்லிகைச் செடி. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கோடையில் மதுரை மல்லி வந்து குவியும். மார்கழி, தை மாதங்களில் வரத்து குறைந்து, விலை எங்கேயோ போய்விடும். கல்யாண வீடும் கோயிலும் கேட்பது ஒரு காரணம். செடி மொட்டு விடுவதைக் குறைத்துக்கொள்வது இன்னொரு காரணம். மல்லிகைக்கு நல்ல வெப்பமும் நீண்ட பகல் வெளிச்சமும் வேண்டும். இரவு நாலைந்து டிகிரி இறங்கியதையும் பகல் கொஞ்சம் குறுகியதையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. உங்கள் அம்மா டிசம்பரில் தலைக்கு முழம் பூ வாங்க யோசித்தால், அதற்குப் பின்னால் பூமியின் சாய்வு இருக்கிறது!

சாய்வா? ஆமாம். பூமி சற்றே சாய்ந்தபடி சூரியனைச் சுற்றுகிறது, 23 டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாக. டிசம்பரில் நம் வடபாதி சூரியனை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும். அதனால் நமக்கு வெயில் நேராக விழாமல் சரிந்து விழும். டிசம்பர் 21, 22 தேதிகளில் பள்ளி மைதானத்தில் ஒரு மீட்டர் கம்பை நேராக நட்டு, மதியம் பன்னிரண்டேகாலுக்கு நிழலை அளந்து பாருங்கள். சுமார் 66 சென்டிமீட்டர் நீளத்துக்கு வடக்கே நீண்டிருக்கும். அதே கம்புக்கு ஏப்ரல் நடுவில் ஒரு நாளும் ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாளும் உச்சிப்பொழுதில் நிழலே இருக்காது. சூரியன் தூரமாகப் போய்விடுவதால்தான் குளிர்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. ஜூலையில் 15.2 கோடி.

உண்மையான குளிரைப் பார்க்க ஆசைப்பட்டால் கனடா போக வேண்டாம். கொடைக்கானல் பஸ் ஏறினால் போதும். மேலே போகப் போக ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வீதம் காற்று குளிரும். கொடைக்கானல் மதுரையைவிட ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். ஆறரையை இரண்டால் பெருக்கினால் 13. மதுரையின் 21இல் 13ஐக் கழியுங்கள்: 8. ஜனவரி இரவில் கொடைக்கானலில் இருக்கும் குளிர் கிட்டத்தட்ட அதுதான். மேகமில்லாத சில இரவுகளில் அங்கே புல்வெளியில் உறைபனியே படியும். அங்குள்ள மலைப் பள்ளிக்கூடங்கள் சில கோடையில் விடாத நீண்ட லீவைக் குளிர்காலத்தில் விடுவது இதனால்தான். பொறாமைப்படாதீர்கள், மே மாதத்தில் அவர்களுக்கு வகுப்பு உண்டு.

சரி, குல்லாவுக்கும் ஸ்வெட்டருக்கும் வருவோம். ஸ்வெட்டர் சூடு தரும் என்று எல்லாரும் நினைக்கிறோம். அது சூட்டை உண்டாக்கவே உண்டாக்காது. சந்தேகமா? ஒரே அளவான இரண்டு ஐஸ் கட்டிகளைத் தனித்தனிப் பாலிதீன் பைகளில் போட்டு முடிச்சுப் போடுங்கள். ஒன்றைத் தட்டில் சும்மா வையுங்கள். இன்னொன்றை ஸ்வெட்டருக்குள் நன்றாகச் சுருட்டி வையுங்கள். ஸ்வெட்டர் சூடு தருமென்றால் உள்ளே இருப்பதுதான் முதலில் உருக வேண்டும். அரைமணி கழித்துப் பிரித்துப் பாருங்கள். தட்டில் இருந்தது பாதி தண்ணீராகியிருக்கும். ஸ்வெட்டருக்குள் இருந்தது இன்னும் கெட்டியாகவே இருக்கும்.

மீன் கடைக்கு ஐஸ் பாளம் கொண்டுபோகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? உமியையோ மரத்தூளையோ அள்ளிப் போட்டு, மேலே கோணிச்சாக்கால் மூடுவார்கள். அவர்களும் ஐஸுக்கு ஸ்வெட்டர்தான் போட்டுவிடுகிறார்கள். உமியின் இடுக்குகளிலும் கம்பளி நூலின் இடுக்குகளிலும் காற்று சிக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெளிச்சூடு ஐஸுக்குள் போகாமலும், உடம்புச்சூடு வெளியே போகாமலும் தடுப்பது அந்தக் காற்றுதான். கம்பளிக்குக் காற்றைப் பிடித்து வைக்கிற வேலை மட்டும்தான்.

இப்போது பள்ளிக் குடிலைப் பாருங்கள். கூரைமேலும் கிறிஸ்துமஸ் மரத்தின்மேலும் பஞ்சைப் பிய்த்துப் பனி என்று ஒட்டியிருப்பீர்கள். மதுரைக்குப் பஞ்சுக்கா பஞ்சம்? ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஹார்வி மில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே நூல் நூற்க ஆரம்பித்துவிட்டது. பனியைப் பார்க்காத ஊரில் பனிக்குப் பதில் பஞ்சு வைப்பதைச் சிலர் சிரிப்பார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது, ஏனென்றால் அறிவியல்படி அது ரொம்பப் பொருத்தம். புதிதாக விழுந்த பனிக்குவியலில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான்! பஞ்சும் அப்படியே. துருவப் பகுதியில் இனுவிட் மக்கள் இறுகிய பனிப் பாளங்களை அடுக்கி வீடு கட்டி, வெளியே கடுங்குளிர் அடிக்கும்போது உள்ளே தாக்குப்பிடித்தார்களே, அதுவும் இந்தக் காற்றின் உபயம்தான். அது போகட்டும், பெத்லகேமில் பனி விழுமா என்று ஒரு கேள்வி வரும். அது 750 மீட்டருக்கு மேல் உயரமுள்ள மலைப்பாங்கான ஊர். எப்போதாவது சில குளிர்காலங்களில் விழுவதுண்டு. ஆகவே பஞ்சை எடுக்க வேண்டியதில்லை.

பைக்கில் வருகிற பிள்ளைகளுக்கு மட்டும் சிஸ்டர் தனியாகச் சொன்னாரே, அதற்கும் காற்றுதான் காரணம். நம் தோலை ஒட்டி ஒரு மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் எப்போதும் இருக்கும். அப்பா அவனியாபுரத்திலிருந்தோ திருப்பரங்குன்றத்திலிருந்தோ 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை ஓட்டிவர, நீங்கள் முன்னால் டேங்க்மேல் உட்கார்ந்து வந்தால், அந்தப் படலம் நொடிக்கு நொடி பிய்த்துக்கொண்டு போகும். அப்பாவுக்கு அவ்வளவு குளிராது, அவருக்கு முன்னால் நீங்கள் காற்றை மறைத்துக்கொண்டு இருக்கிறீர்கள்!

குடை விஷயம் இதைவிட முக்கியம். ஒரு கையின் புறங்கையை மட்டும் தண்ணீரால் நனைத்துவிட்டு, இரண்டு கைமீதும் ஒரே மாதிரி ஊதிப் பாருங்கள். நனைந்த கை சில்லென்று இருக்கும். தண்ணீர் ஆவியாக வெப்பம் வேண்டும். அதைத் தோலிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி. நனைந்த சட்டையிலும் பாவாடையிலும் 100 கிராம் தண்ணீராவது நிற்கும். அத்தனையையும் உங்கள் உடம்புச்சூட்டாலேயே உலர்த்தினால் 58,000 கலோரி செலவு. சாப்பாட்டுக் கணக்கில் அதை 58 கிலோ கலோரி என்பார்கள். ஏறக்குறைய ஓர் இட்லி! உண்மையில் பாதி வேலையைக் காற்றே பார்த்துவிடும் என்றாலும், கணக்குப் பாடம் நடக்கும்போது உங்கள் உடம்பு துணி காயவைக்கிற வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பது நிஜம். ‘நனைஞ்ச யூனிஃபார்மோட உக்காராதே’ என்பது இதற்குத்தான்.

இட்லி என்றதும் இன்னொன்று. உடம்புக்குச் சூடு வருவது ஸ்வெட்டரிலிருந்து அல்ல, சாப்பாட்டிலிருந்து. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை குளிரில் சீக்கிரம் சோர்ந்துபோகும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கியது, ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். முதலில் அது அரசுப் பள்ளிகளுக்கு மட்டும். கத்தோலிக்கப் பள்ளிகளில் பல அரசு உதவி பெறுபவை. அங்கே படிக்கிற ஏழைப் பிள்ளைகள் பக்கத்துப் பள்ளியின் பொங்கல் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூலை 15இல் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில் வைத்து, கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. 2025 ஆகஸ்ட் 26இல் சென்னை மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் வைத்து நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. இரண்டு முறையும் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியே விழா மேடை. மார்கழிக் காலையில் சூடான உப்புமாவும் சாம்பாரும் உள்ளே போனால் குல்லாவைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடலாம்.

சாப்பிட்ட உணவு உடம்புக்குள் எரிந்து வெப்பமாக வெளியே வந்துகொண்டே இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடமிருந்து ஏறத்தாழ 60 வாட் வெப்பம் வருகிறது. நாற்பது பேர் உட்கார்ந்த வகுப்பில் 2,400 வாட். ஜன்னல்களைச் சாத்திவிட்டால் மூன்றாவது பீரியடுக்குள் அறை கதகதப்பாகிவிடும். சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அடைந்து கிடப்பது வெப்பம் மட்டுமல்ல. நாற்பது பேர் விட்ட மூச்சும் அங்கேயேதான் கிடக்கிறது. கரியமில வாயு கூடக் கூடத் தலை கனக்கும், கொட்டாவி வரும். டீச்சர் பாடத்தைக் குறை சொல்லாதீர்கள்!

அந்த மூச்சில் இன்னொன்றும் கலந்திருக்கலாம். யாராவது ஒருவர் சளியோடு வந்திருந்தால், இருமும்போதும் தும்மும்போதும், ஏன், பாடும்போதும்கூட, வைரஸ் சுமந்த நுண்துளிகள் காற்றில் கலக்கும். பெரிய துளிகள் சீக்கிரம் தரைக்கு வந்துவிடும். மிகச் சிறியவை நெடுநேரம் மிதக்கும். ஜன்னல் திறந்திருந்தால் அவை வெளியே போய்க் கரைந்துவிடும். மூடியிருந்தால் கடைசி பெஞ்சு வரை சுற்றும். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி நடக்கும் அறையில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். சத்தமாகப் பாடப் பாட நுண்துளிகள் அதிகம் வரும், மூச்சும் ஆழமாக இழுப்போம்.

“மழையில நனையாதேடா, சளி பிடிக்கும்ல” என்று அப்பத்தா சொல்வது சரியா, தப்பா? மழைத்தண்ணீரில் சளி இல்லை. சளியை உண்டாக்குவது வைரஸ். மழை நாளில் எல்லாரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் நெருக்கியடித்து உட்காருவதால் அது வேகமாகப் பரவுகிறது. ஆனாலும் அப்பத்தாவை முழுக்கத் தப்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை. குளிர்ந்த காற்று மூக்குக்குள்ளே போகும்போது அங்கே வைரஸை எதிர்த்து நிற்கும் பாதுகாப்பு கொஞ்சம் தளர்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். தலையைத் துவட்டிக்கொள்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லையே.

மார்கழிப் பனியைப் பற்றி அப்பத்தா சொல்லும் ஒன்றில் மட்டும் எனக்குச் சண்டை உண்டு. ‘பனி பெய்யுது’ என்பார். சோழவந்தான் பக்கம் நெல்வயல் வரப்பில் விடியற்காலையில் நடந்தால் கால் முழுக்க நனையும். அந்தத் துளிகள் மேலேயிருந்து விழுந்தவை அல்ல. மேகமில்லாத இரவில் புல்லும் தரையும் தங்கள் வெப்பத்தை வானத்துக்கு அனுப்பிவிட்டுக் குளிர்ந்துபோகும். பக்கத்துக் காற்றில் இருக்கும் நீராவி அந்தக் குளிர்ந்த இலைமேல் நீராகப் படியும். புல்மேல் ஒரு தட்டைக் கொஞ்சம் தூக்கினாற்போலக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். பல நாள் தட்டின் அடிப்புறத்திலும் ஈரம் இருக்கும். பெய்தது என்றால் அடியில் எப்படி வந்தது?

இனி நான் ஆசையாகக் காத்திருந்த இடத்துக்கு வந்துவிட்டேன். குடில் புல்!

குடிலைச் சுற்றிப் பச்சைப் புல்வெளி வேண்டும் என்று கேழ்வரகு, கோதுமை, நெல், கடுகு என்று கையில் கிடைத்ததை மண்தட்டில் தூவி முளைக்க வைப்பீர்கள். மதுரைச் சீமைக்கு இது புதிதல்ல. அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போடும் ஊர் இது. முளைப்பாரியை வீட்டுக்குள் வெளிச்சம் படாத அறையில் வைத்து வளர்ப்பார்கள். திருவிழா அன்று வெளியே எடுத்தால், பயறும் தானியமும் வெளிறிய மஞ்சளாய், உயரமாய், மெலிதாய் ஓங்கி நிற்கும். பகலில் வயலில் வளரும் பயறு அப்படி இருக்காது, குட்டையாய், தடியாய், பச்சையாய் இருக்கும்.

விதைக்குள்ளே முளைக்குட்டிக்கு வேண்டிய சாப்பாடு கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. மண்ணுக்குள்ளோ இருட்டிலோ இருக்கும் வரை முளை அந்தச் சாப்பாட்டை இலைக்கும் பச்சை நிறத்துக்கும் செலவழிக்காது. அத்தனையையும் உயரத்துக்கே செலவழிக்கும். எப்படியாவது வெளிச்சத்தை எட்டிப் பிடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாடு தீர்ந்ததும் சாவுதான். பச்சையம் உருவாவதற்குக் கடைசிக் கட்டத்தில் வெளிச்சம் தேவை. அது கிடைக்காததால் மஞ்சள் நிறமிகள் மட்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. அதே தட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் ஒன்றிரண்டு நாளில் பச்சை பிடித்துவிடும்.

ஆகவே குடில் போடும் வகுப்புக்கு ஒரு யோசனை. டிசம்பர் 12ஆம் தேதி வாக்கில் இரண்டு தட்டு போடுங்கள். ஒன்று ஜன்னலோரம், ஒன்று அலமாரிக்குள். கோதுமையோ நெல்லோ போடுங்கள். கேழ்வரகு விதை குட்டி, அதற்குள் சாப்பாடு கொஞ்சம்தான், இருட்டில் நெடுநாள் தாங்காது. பத்து நாள் கழித்து இரண்டையும் ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். எதில் உயரம் அதிகம் என்று முன்பே பந்தயம் கட்டிக்கொள்ளலாம், சிஸ்டருக்குத் தெரியாமல்.

ஜன்னலோரத் தட்டில் வேறொரு வேடிக்கை நடக்கும். புல் எல்லாம் ஜன்னல் பக்கமே சாயும். ஆட்டுக்குட்டிப் பொம்மைகள் ஒரு பக்கம், புல் இன்னொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது புல்லுக்கு எப்படித் தெரிகிறது? கண்ணா இருக்கிறது? இதே கேள்வியைச் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் கேட்டார்கள். முளைத்து வரும் புல்லின் நுனிக்கு வெளிச்சம் புகாத குட்டிக் குல்லா மாட்டிவிட்டார்கள்! குல்லா போட்ட முளை வெளிச்சத்தின் பக்கம் சாயவே இல்லை. வளைவது நுனிக்குச் சற்றுக் கீழே. ஆனால் வெளிச்சத்தை உணர்வது நுனி. நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி கீழே போகிறது என்று அவர்கள் கண்டுகொண்டு 1880இல் புத்தகமாக எழுதினார்கள். அந்தச் செய்தியைக் கொண்டுபோவது ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் என்பது பிறகு வந்த விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. வெளிச்சம் படாத பக்கத்துக்கு ஆக்சின் அதிகம் போகும். அந்தப் பக்கம் வேகமாக நீளும். ஒரு பக்கம் மட்டும் நீண்டால் தண்டு மறுபக்கம் வளையத்தானே வேண்டும்?

மிட்டாய் சுற்றி வரும் வெள்ளிக்காகிதத்தில் நீங்களும் குல்லா செய்யலாம். கோதுமையோ மக்காச்சோளமோ முளைத்து, முளை விரற்கடை அளவு இருக்கும்போதே, உள்ளிருந்து இலை கிழித்துக்கொண்டு வருவதற்கு முன்னால், நாலு முளைக்கு மாட்டுங்கள். நாலை அப்படியே விடுங்கள். ஒரே பக்கமிருந்து வெளிச்சம் படும்படி வையுங்கள். மறுநாள் என்ன நடந்தது என்பதை நான் சொல்லப்போவதில்லை. குடிலுக்கு நேரான புல்தான் வேண்டும் என்றால் தட்டைத் தினமும் அரைவட்டம் திருப்பி வைத்தால் போதும்.

குடிலில் ஒன்று மட்டும் வேண்டாம்: தண்ணீர் ஊற்றிய குளம். பால இயேசு சொரூபத்துக்கு முன்னால் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, தாமரையும் வாத்தும் மிதக்க விட எல்லாருக்கும் ஆசை. குடில் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் மூன்று ராஜாக்கள் திருநாள் வரை இருக்கும். மூன்று வாரம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக இந்த வெப்பத்தில் எட்டிலிருந்து பத்து நாள் போதும். குடிலைக் கலைப்பதற்குள் உங்கள் குளத்திலிருந்து கொசு பறந்துவிடும்! ஏடிஸுக்குச் சாக்கடை பிடிக்காது, இது மாதிரிச் சுத்தமான தண்ணீர்தான் பிடிக்கும். காலில் வெள்ளை வளையம் போட்டிருக்கும், பகலில் கடிக்கும். காலையில் சூரியன் உதித்த பிறகும் சாயங்காலம் பொழுது சாயும் முன்னாலும் அதிகம். அதாவது நீங்கள் பள்ளிக்கு வரும் நேரமும் போகும் நேரமும். ராத்திரி கொசுவலை கட்டிப் படுத்தால் மட்டும் தப்ப முடியாது.

குளத்துக்குப் பதில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்து, ஓரத்தில் மணல் போடுங்கள். வாத்து இன்னும் அழகாகத் தெரியும்.

ஏடிஸ் தண்ணீரில் முட்டையிடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் இடும். முட்டை கறுப்பாய், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் இருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காயவைத்தால் செத்துப்போகும் என்று நினைக்காதீர்கள். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்கு நனைந்ததும் பொரிக்கும். அதனால் வாரம் ஒருமுறை கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், இளநீர்க் கூடு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மொட்டைமாடியில் கவிழ்க்க மறந்த வாளி, நீங்கள் விதை முளைக்க வைத்த தட்டின் அடித்தட்டு, எல்லாம் கணக்கில் உண்டு.

இந்தக் கொசு ரொம்ப தூரம் பறக்காது. பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் இருநூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். மூன்றாம் வகுப்பில் ஒருவருக்கு டெங்கு வந்தால், கொசு எங்கோ வைகை ஆற்றிலிருந்து வரவில்லை. அவர் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, பள்ளியின் பின்கட்டிலோதான் பிறந்திருக்கும். நம் வீட்டுத் தொட்டியை மட்டும் தேய்த்தாலும் பயனில்லை. இருநூறு மீட்டருக்குள் ஒரு வீடு மறந்துபோனால் தெருவுக்கே கொசு சப்ளை நடக்கும். குடை உங்கள் ஒருவரைக் காப்பாற்றும். வாளியைக் கவிழ்ப்பது தெருவில் எல்லாரையும் காப்பாற்றும். அதனால்தான் சிஸ்டர் இதை வகுப்பு வகுப்பாகச் சொல்லாமல் மைக்கில் சொல்கிறார். நிலவேம்புக் கஷாயம் கொடுத்தால் முகத்தைச் சுளிக்காமல் குடியுங்கள், ஆனால் கஷாயம் குடித்தவரைக் கொசு கடிக்காது என்று எண்ணி வாளியை மறந்துவிடாதீர்கள்.

கடைசியாக, சிஸ்டர் சொல்லாத ஒன்று. டிசம்பர் 21ஐ ஒட்டிய நாள்தான் வருடத்திலேயே குட்டிப் பகல். மதுரையில் அன்று சூரியன் தெரியும் நேரம் சுமார் பதினொன்றரை மணி. அதன்பிறகு பகல் நீள ஆரம்பிக்கும். அப்படியானால் ஜனவரியில் பள்ளி திறக்கும்போது சூரியன் சீக்கிரம் உதிக்க வேண்டுமல்லவா? உதிக்காது! டிசம்பர் 21இல் சுமார் 6.30க்கு உதிக்கும் சூரியன், ஜனவரி 25 வாக்கில் 6.40க்குத்தான் வரும். பகல் நீளுகிறது, காலை மட்டும் இன்னும் தாமதமாகிறது. அந்த நீளம் எல்லாம் சாயங்காலத்தில் போய்ச் சேர்கிறது. டிசம்பர் 21இல் ஆறு மணிக்கு மறைந்த சூரியன் ஜனவரி 25இல் 6.19 வரை நிற்கும்.

காரணம், நம் கடிகாரம் ஓடுவது போல சூரியன் ஒழுங்காக உச்சிக்கு வருவதில்லை. பூமி சாய்ந்திருக்கிறது. ஜனவரியில் சூரியனுக்கு அருகில் இருப்பதால் கொஞ்சம் வேகமாகவும் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்து, டிசம்பர் கடைசியில் உச்சிப்பொழுது ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட அரை நிமிடம் தள்ளிப்போகிறது. பூமத்திய ரேகைக்கு அருகே இருக்கும் நமக்குப் பகலின் நீளம் ரொம்ப மெதுவாகத்தான் கூடும். அதனால் உச்சி தள்ளிப்போவதே ஜெயிக்கிறது. லண்டனில் பகல் வேகமாக நீளுவதால் அங்கே புத்தாண்டு பிறந்ததுமே சூரியன் சீக்கிரம் எழ ஆரம்பித்துவிடும்.

வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரை மட்டும் நம்பாமல், மொட்டைமாடியிலிருந்து நீங்களே பார்த்து ஜனவரி முழுக்க நேரத்தைக் குறித்து வையுங்கள். ஒருநாள் வகுப்புக்குப் பிந்தி வந்து, “சூரியனே லேட்டு டீச்சர்” என்று சொல்லிப் பார்க்கலாம். டீச்சருக்கும் இந்தக் கணக்குத் தெரிந்திருந்தால், “சூரியன் பத்து நிமிஷம்தான் லேட்டு, நீ இருபது நிமிஷம்” என்பார்.